மண்ணைத் தொட்டுத் தொடங்கும் பாடம்

கலைகளை இறைவழிபாடாகப் போற்றி வளர்த்த நாடு நம் பாரதம். இசையானாலும் சிற்பமானாலும் நாட்டியமானாலும், அதன் தொடக்கத்தில் ஒரு வணக்கமும் முடிவில் ஒரு சமர்ப்பணமும் இருப்பதைக் காண்கிறோம். இவற்றுள் உடலையே கருவியாகக் கொண்ட கலை நாட்டியம். வீணை பயில்பவர் பயிற்சி முடிந்ததும் வீணையை உறையிலிட்டு வைத்துவிடலாம். நாட்டியம் பயில்பவர் தம் கருவியை எங்கும் கழற்றி வைக்க முடியாது. ஆகவே அவருடைய பயிற்சி அவருடைய வாழ்க்கையையும் தொட்டே தீரும்.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் தன் முதல் அத்தியாயத்தில் இக்கலை தோன்றிய வரலாற்றைக் கூறுகிறது. அனைத்து வர்ணத்தாரும் கண்டும் கேட்டும் பயன்பெறத்தக்க ஒரு வேதத்தைத் தேவர்கள் வேண்டினர். பிரம்மதேவர் ரிக் வேதத்திலிருந்து சொல்லையும், சாம வேதத்திலிருந்து இசையையும், யஜுர் வேதத்திலிருந்து அபிநயத்தையும், அதர்வ வேதத்திலிருந்து ரசத்தையும் எடுத்து ஐந்தாம் வேதமாக நாட்டியத்தைப் படைத்தார். இதுவரை பலரும் அறிந்த கதையே. அதன் அடுத்த பகுதியே நம் சிந்தனைக்கு உரியது. இந்த வேதத்தைத் தேவர்களுக்குக் கற்பிக்குமாறு பிரம்மதேவர் இந்திரனிடம் கூறுகிறார். அதற்கு இந்திரன், இதை ஏற்கவும், நினைவில் நிறுத்தவும், உணரவும், பயிலவும் தேவர்களுக்கு ஆற்றல் இல்லை என்றும், வேதம் உணர்ந்து விரதம் காக்கும் முனிவர்களே இதற்குத் தகுதியானவர்கள் என்றும் விடையளிக்கிறான். அதன் பிறகே பரதரும் அவருடைய நூறு புதல்வர்களும் அதைக் கற்கின்றனர்.

போகத்தில் திளைப்பவர்களுக்குக் கைகூடாதது, விரதம் காப்பவர்களுக்குக் கைகூடுகிறது. நாட்டியத்தின் அடிப்படைப் பாடங்கள் என்று நாம் கூறுபவை அந்த விரதமே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நில வணக்கம்

1953-இல் தொடங்கப்பெற்ற சங்கீத நாடக அகாதமி எட்டு நடனங்களைச் சாஸ்திரீய நடனங்களாக ஏற்றுள்ளது: பரதநாட்டியம், கதக், கதகளி, குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, மோகினியாட்டம், சத்ரியா. மொழியாலும் உடையாலும் இசையாலும் இவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டவை. ஆயினும் புதிதாக ஒரு மாணவர் வந்து நிற்கும்போது இவற்றின் முதற்பாடங்கள் வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன.

பரதநாட்டியத்திலும் ஒடிசியிலும் ஒவ்வொரு நாள் பயிற்சியும் நிலத்தை வணங்கித் தொடங்குகிறது. மாணவர் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார். இனி நெடுநேரம் பூமித்தாயின்மீது காலால் தட்டப் போவதால், அதற்கு முன்கூட்டியே பொறுத்தருள வேண்டுவதே இவ்வணக்கத்தின் கருத்து. பயிற்சி முடிந்ததும் அதே வணக்கம் மீண்டும் செய்யப்படுகிறது.

குழந்தைக்கு இது முதலில் ஒரு சடங்காகவே தோன்றும். நாளடைவில் அது ஒரு கல்வியாகிறது. நாம் பயன்படுத்தும் பொருள்களுக்கும், நம்மைத் தாங்கும் உயிர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்னும் உணர்வு அதில் விதைக்கப்படுகிறது. 'நான் ஆடுகிறேன்' என்ற எண்ணம் எழுவதற்கு முன்பே, 'என்னைத் தாங்கும் ஒன்று இருக்கிறது' என்ற எண்ணம் எழ வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை.

நிற்கக் கற்றல்

வணக்கத்துக்குப் பின் மாணவர் ஆடக் கற்பதில்லை, நிற்கக் கற்கிறார்.

பரதநாட்டியத்தில் அரைமண்டி. குதிகால்கள் சேர்ந்தும் பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியும் இருக்க, முழங்கால்களை வெளிப்புறம் மடக்கி, முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். ஒடிசியில் சௌகா. பாதங்களை அகற்றி, முழங்கால்களை மடக்கி, உடலின் எடை இரு கால்களிலும் சமமாக விழும்படி சதுரவடிவில் நிற்பது அது. பூரி ஜகந்நாதப் பெருமானின் திருவுருவத்தை அது நினைவூட்டுவதாகக் கொள்வர். அதற்கு இணையாக, முழங்கால், இடை, கழுத்து என்ற மூவிடங்களில் உடல் வளையும் திரிபங்கி நிலை குழலூதும் கண்ணனை நினைவூட்டுகிறது. கதகளியில் கால்களை நன்கு அகற்றி, எடை பாதங்களின் வெளிவிளிம்பில் தங்குமாறு நிற்கின்றனர். கதக் நடனத்தில் உடல் நேராக நிமிர்ந்தே நிற்கிறது. மணிப்புரியில் முழங்கால்கள் இணைந்து சற்றே மடங்க, பாதம் ஓசையின்றி மெல்ல நிலத்தைத் தொடுகிறது. காலில் சலங்கையும் அணிவதில்லை.

தோற்றத்தில் இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் எல்லாக் குருமார்களும் கேட்பது ஒன்றுதான்: அசைவதற்கு முன் அசையாமல் நில். அரைமண்டியில் நின்ற சில நிமிடங்களிலேயே தொடைகள் நடுங்கத் தொடங்கும். மனம் உடனே ஒரு காரணத்தைத் தேடும். சற்று நிமிர்ந்துகொள்ளலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அது கேட்கும். தியானத்தில் அமரும் சாதகர் ஒவ்வொருவரும் இக்குரலை அறிவார். அஷ்டாங்க யோகத்தில் பிராணாயாமத்துக்கும் தியானத்துக்கும் முன்னதாக ஆசனம் வைக்கப்பட்டிருப்பதன் காரணத்தை நாட்டிய மாணவர் நூலைப் படிக்காமலே தம் தொடைகளில் உணர்ந்துகொள்கிறார்.

ஓரிடத்தில் நின்று

நிலை கைவந்தபின் பாதம் பேசத் தொடங்குகிறது. பரதநாட்டியத்தில் முதல் அடவு தட்டடவு. 'தெய்யா தெய்' என்னும் சொற்கட்டுக்கு, நின்ற இடத்திலேயே பாதங்களை மாற்றி மாற்றித் தட்டுவதே அது. குரு தட்டுக்கழியால் தாளம் தட்டுகிறார். கதக்கில் அதற்கு இணையானது தத்கார். 16 மாத்திரைகள் கொண்ட தீன்தாளத்தில் 'தா தேய் தேய் தத்' என்னும் சொற்களுக்கு ஏற்ப, நின்ற இடத்திலேயே பாதங்களை நிலத்தில் பதிப்பது அது. தேர்ந்த கதக் கலைஞர் ஒவ்வொரு காலிலும் நூறும் அதற்கு மேலும் மணிகள் அணிகிறார். தொடக்க மாணவரோ வெறும் பாதத்துடன் நின்று, ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்கிறதா என்று தாமே செவிசாய்க்க வேண்டியிருக்கிறது.

தத்காரைக் காலால் செய்வதோடு வாயாலும் சொல்லக் கற்பிப்பர். கையால் தாளமிட்டுச் சொற்களை ஒப்பிக்கும் இம்முறைக்குப் 'படந்த்' என்று பெயர். நாவில் தெளிவில்லாத சொல் காலில் தெளிவாக வராது என்பது அனுபவம். மனம், வாக்கு, உடல் மூன்றும் ஒன்றுபட வேண்டும் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த ஒற்றுமையைத் தினந்தோறும் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இங்கே அமைந்திருக்கிறது.

அடுத்து வருவது காலம். ஒரே அடவை முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மூன்று வேகங்களில் செய்ய வேண்டும். தாளம் மாறுவதில்லை, ஒரு தட்டுக்குள் அடங்கும் அடிகளின் எண்ணிக்கை இரட்டித்து வளர்கிறது. மூன்றாம் காலமே கடினமானது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களோ முதற்காலத்தில்தான் மாணவரைச் சோதிப்பார்கள். வேகத்தில் பல குறைகள் மறைந்துவிடும். மெதுவாகச் செய்யும்போது தளர்ந்த முழங்காலும் சரிந்த தோளும் அலையும் கண்ணும் மறைய இடமில்லை. ஜபத்தை விரைந்து முடிப்பவருக்கும், ஒவ்வொரு நாமத்தையும் நிறுத்திச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொருளற்ற அசைவு ஏன் முதலில்?

நாட்டிய நூல்கள் நிருத்தம், நிருத்தியம், நாட்டியம் என்று மூன்று பிரிவுகளைக் கூறுகின்றன. நிருத்தம் பொருளையோ கதையையோ கூறாத தூய அசைவு. நிருத்தியம் பாவத்தை வெளிப்படுத்துவது. நாட்டியம் கதையைத் தழுவியது. கற்பித்தலில் நிருத்தமே முதலிடம் பெறுகிறது. யசோதையையும் கண்ணனையும் அபிநயிக்க ஆவலுடன் வந்த மாணவர், மாதக்கணக்கில் பொருளற்ற அடவுகளையே பயில வேண்டியிருக்கிறது. இது எதற்காக?

வேத பாடசாலையில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. அங்கு மாணவன் முதலில் ஒலியையும் ஸ்வரத்தையும் கற்கிறான். பொருள் பின்னர் வருகிறது. பொருளை முதலிலேயே பற்றிக்கொண்டால், 'இப்படியும் சொல்லலாமே' என்று தன் விருப்பத்துக்கு ஏற்ப ஒலியை மாற்ற மனம் துணியும். நாட்டியத்திலும் அப்படியே. பயிற்சி பெறாத உடலோடு பாவத்தைக் காட்டத் தொடங்குபவர் தம்முடைய மகிழ்ச்சியையும் தம்முடைய சோகத்தையுமே காட்டுவார். அங்கே யசோதை இருக்கமாட்டாள். பொருளற்ற அசைவை நெடுநாள் பயின்று, அதில் தம் விருப்பு வெறுப்புகளுக்கு இடமில்லை என்று கண்டுகொண்டவரின் உடல் ஒரு வெற்றுப் பாத்திரம்போல் ஆகிறது. பிறகு அதில் எந்தப் பாவத்தையும் நிரப்பலாம்.

அபிநவகுப்தர் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய அபிநவபாரதி என்னும் உரையில் ரசத்தைப் பற்றி ஆழ்ந்து ஆராய்கிறார். நாட்டியத்தில் வெளிப்படும் பாவம் தனிமனிதர் ஒருவருக்கே உரிய உணர்ச்சியாக நில்லாமல் அனைவருக்கும் பொதுவானதாக மாறும்போதே ரசமாகச் சுவைக்கப்படுகிறது என்பது அவருடைய கொள்கை. அந்த மாற்றத்துக்கான முதல் ஆயத்தம் தட்டடவிலும் தத்காரிலும் நடைபெறுகிறது என்று நாம் கூறலாம்.

கையும் கண்ணும்

பாதம் நிலைபெறும்போதே கை முத்திரைகளும் கற்பிக்கப்படுகின்றன. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகளாக 28-ஐக் கூறுகிறது. தலை அசைவுகள் 9, பார்வைகள் 8, கழுத்தசைவுகள் 4. ஆனந்த குமாரசுவாமி இந்நூலை துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917-இல் வெளியிட்டார்.

முத்திரைகளில் முதலாவது பதாகம். கொடி என்பது அதன் பொருள். விரல்களைச் சேர்த்து நீட்டிக் கட்டைவிரலை மடக்கினால் பதாகம். இந்த ஒரே கை, அது இருக்கும் இடத்தையும் அசைவையும் பொறுத்து மேகமாகிறது, காடாகிறது, நதியாகிறது, இரவாகிறது, காற்றாகிறது. வேதாந்தம் பயில்பவர்களுக்கு இங்கே ஒரு நினைவு எழும். மண் ஒன்று, அதிலிருந்து வந்த பாண்டங்களின் பெயர்கள் பல என்னும் சாந்தோக்கிய உபநிஷதத்தின் உவமையை மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கிறார்.

கை போகும் வழியில் பார்வையும், பார்வையின் வழியில் மனமும் செல்ல வேண்டும். மனம் சென்ற இடத்தில் பாவமும், அங்கே ரசமும் தோன்றும் என்பது இந்நூல் காட்டும் வரிசை. கைக்கும் மனத்துக்கும் நடுவே கண் பாலமாக இருக்கிறது. கதகளி மரபில் விடியற்காலையில் கண்களில் நெய்யிட்டு விழிப்பயிற்சி செய்விப்பதன் காரணம் இதுவே. மழைக்காலத்தில் உடலுக்கு எண்ணெயிட்டு, குரு தம் பாதங்களால் அழுத்திப் பதப்படுத்தும் உழிச்சிலும் அப்பயிற்சியின் பகுதியாகும். 1930-இல் மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன் முயற்சியில் தொடங்கப்பெற்ற கேரள கலாமண்டலம் இம்முறைகளைப் பேணி வந்துள்ளது.

துறவியர் ஆடும் நடனம்

நாட்டியம் உலகியல் இன்பத்தைச் சார்ந்தது, ஆன்மீக சாதகருக்கு அது தேவைதானா என்று சிலர் ஐயுறுவதுண்டு. அவர்கள் அஸ்ஸாமின் சத்ரங்களை நோக்க வேண்டும்.

ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) பக்தி நெறியை மக்களிடையே பரப்புவதற்கு நாமசங்கீர்த்தனத்தோடு நாடகத்தையும் நடனத்தையும் பயன்படுத்தினார். அவருடைய நாடகங்கள் 'அங்கீயா நாட்' எனப்படுகின்றன. அவர் வழியில் எழுந்த மடங்களே சத்ரங்கள். பிரம்மபுத்திரா நதியின் நடுவே உள்ள மாஜுலித் தீவில் சில சத்ரங்களில் பிரம்மசரிய விரதம் பூண்ட பக்தர்கள் வாழ்கின்றனர். சிறுவயதிலேயே அங்கு வந்து சேரும் பிள்ளைகள் வழிபாட்டையும் நடனத்தையும் ஒன்றாகவே கற்கின்றனர். நாம்கர் எனப்படும் பிரார்த்தனைக் கூடமே அவர்களுடைய ஆடரங்கம். அங்கே சபையினரை மகிழ்விப்பது நோக்கமன்று. இறைவனுக்கு முன் ஆடுவதே நோக்கம். இந்நடனத்தைச் சங்கீத நாடக அகாதமி 2000-இல் சாஸ்திரீய நடனமாக ஏற்றது. இன்று சத்ரங்களுக்கு வெளியே பெண்களும் இதைப் பயில்கின்றனர்.

சத்ரியாவின் அடிப்படைப் பயிற்சிக்கு 'மாட்டி அகாரா' என்று பெயர். 'மாட்டி' என்றால் மண். வளைதல், உருளுதல், தாவுதல், நிலத்தில் அமர்ந்து எழுதல் என அமைந்த இப்பயிற்சிகளில் தேர்ந்த பின்னரே மாணவர் நடன உருப்படிகளுக்குச் செல்கிறார். 'மண்' என்ற சொல்லையே முதற்பாடத்தின் பெயரில் வைத்த அம்மரபின் பணிவு போற்றத்தக்கது.

நம் குருதேவரின் வாழ்க்கையும் இவ்விஷயத்தில் வழிகாட்டுகிறது. 1884 செப்டம்பர் 21 அன்று ஸ்ரீராமகிருஷ்ணர் கல்கத்தாவின் ஸ்டார் நாடக அரங்குக்குச் சென்று, கிரீஷ் சந்திர கோஷ் எழுதிய 'சைதன்ய லீலா' நாடகத்தைக் கண்டு பரவச நிலையில் ஆழ்ந்தார். சைதன்யராக நடித்த வினோதினி அவருடைய ஆசியைப் பெற்றார். சுவாமி விவேகானந்தரோ இளமையில் முறையாக இசை பயின்றவர்; பக்வாஜ் வாசிக்கத் தெரிந்தவர்; 1887-இல் வெளிவந்த 'சங்கீத கல்பதரு' என்னும் வங்க மொழி இசைத் தொகுப்பில் அவருடைய பங்கு பெரிது. கலை தடையாவதும் துணையாவதும் அதை நாம் எதற்காகப் பற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வறண்ட நாட்கள்

இனி, தொடக்க மாணவர்களில் பலர் விட்டுச் செல்லும் இடத்தைப் பற்றிச் சிந்திப்போம். முதல் சில வாரங்கள் புதுமையால் கழிந்துவிடும். பிறகு ஒரு வறட்சி வரும். பாட்டு இல்லை, ஒப்பனை இல்லை, சலங்கை இல்லை. நேற்றுச் செய்த அதே தட்டு. பெற்றோரும் பொறுமை இழக்கிறார்கள். 'ஓராண்டாகியும் ஒரு பாட்டுக்கு ஆடவில்லையே' என்று குருவைக் கேட்கிறார்கள். அல்லது விரைவில் மேடையேற்றுவதாகக் கூறும் வேறொருவரை நாடுகிறார்கள். மனமோ 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள்' என்ற பழமொழியைப்போல, தளத்தையும் குருவையும் குறைசொல்லத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் பதஞ்ஜலி முனிவர் நமக்கு உதவுகிறார். அப்யாஸம் உறுதிபெறுவதற்கு அவர் மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார்: அது நெடுங்காலம் தொடர வேண்டும், இடைவிடாமல் நடைபெற வேண்டும், சிரத்தையோடு செய்யப்பட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் ஆடுவதைவிடத் தினமும் அரைமணி நேரம் பயில்வது மேல் என்பது இரண்டாவது நிபந்தனையின் பொருள். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே காலைத் தட்டுவது மூன்றாவது நிபந்தனையை மீறுவதாகும். முதல் நிபந்தனையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஐம்பது ஆண்டுகள் ஆடிய கலைஞர்களும் நாள்தோறும் தத்காரோடும் அடவோடும் பயிற்சியைத் தொடங்குவதைக் காண்கிறோம். கோபுரம் எழும்பிய பிறகு அடித்தளத்தை எடுத்துவிட முடியாதல்லவா?

வறண்ட நாட்களில் மாணவர் ஓர் அரிய செல்வத்தை ஈட்டுகிறார். பாராட்டோ பரிசோ இல்லாமல் ஒரு செயலைச் செம்மையாகச் செய்யும் ஆற்றலே அது. கீதை கூறும் கர்மயோகத்தை ஏழு வயதுக் குழந்தை ஒன்று, பெயர் தெரியாமலே பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு மேடையேற்றும்போது நாம் அக்குழந்தையிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தச் செல்வத்தைத்தான். பின்னாளில் அது மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், நாட்டியத்தையே விட்டுவிடவும் கூடும். யாரும் பாராத இடத்திலும் வேலையைச் சரியாகச் செய்யும் பழக்கம் அதை விட்டு நீங்காது.

தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை விழாக்களில் ஆடினார் என்று பார்ப்பதைவிட, தொடக்க மாணவர்களின் முழங்காலையும் முதுகையும் அவர் எவ்வளவு கவனமாகத் திருத்துகிறார் என்று பாருங்கள். ஒரு வகுப்பை அமர்ந்து கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

மடக்கிய முழங்கால் எப்போதும் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் மூட்டு துன்புறும். இடுப்பிலிருந்து திரும்பும் அளவுக்கே பாதமும் திரும்பட்டும். தசைகள் சோர்வது இயல்பு. மூட்டில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிறுத்திக் குருவிடம் சொல்ல வேண்டும். வலியைத் தாங்குவதே தவம் என்று எண்ணி உடலைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

வெறும் சிமெண்டுத் தரையிலும் பளிங்குத் தரையிலும் நெடுநேரம் தட்டுவதைத் தவிர்ப்பது நலம். மரத்தளமோ மண்தளமோ உகந்தது. உணவு உண்டு இரண்டு மணி நேரமாவது கழித்தே பயிற்சி செய்யவும். தொடங்கும் முன் உடலைச் சற்று இளக்கிக்கொள்ளவும்.

நாற்பதிலும் ஐம்பதிலும் கற்க விரும்புவோர் தயங்க வேண்டியதில்லை. மூட்டு நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும். அரைமண்டியில் முழுமையாக அமர இயலாவிட்டால் இயன்ற அளவு அமரலாம். முதுகு நேராகவும் தாளம் சரியாகவும் இருந்தால் போதும். குழந்தைகளோடு தம்மை ஒப்பிடாமல் இருப்பதே அவர்கள் செய்ய வேண்டிய முதற்சாதனை.

நாட்டிய வகுப்புக்குச் செல்ல வாய்ப்பில்லாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாதனையில் தொடக்க மாணவர்களே. ஜபமோ, பாராயணமோ, சேவையோ, நம் தட்டடவு எது என்று கண்டுகொள்வோம். அதை நாளை காலையும் அதே இடத்தில், அதே நேரத்தில், முதற்காலத்தில் செய்வோம். ஒடிசி நடன நிகழ்ச்சியின் இறுதி உருப்படிக்கு 'மோக்ஷம்' என்று பெயர். அதை ஆடுபவரும் அன்றைய நாளை மண்ணைத் தொட்டு வணங்கித்தான் தொடங்குகிறார். அந்தப் பணிவையும் பொறுமையையும் நமக்கு அருளுமாறு ஆடல்வல்லானாகிய இறைவனை வேண்டுவோமாக.